டெர்மினலில் ஏஐ: என்டரை அழுத்துவது யார்?

கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரையான டெர்மினலுக்குள் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் ஆப்ஷன்களுக்காக ஒவ்வொரு முறையும் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து தேடியவர்களுக்கு, "ஏழு நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளைக் காட்டு" என்று எழுதியவுடன் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை முழுதாக வந்து நிற்பதன் அருமை தெரியும். வார்ப் போன்ற டெர்மினல்கள் ஒவ்வொரு கட்டளையையும் அதன் வெளியீட்டையும் தனித் தொகுதியாகக் காட்டுவதால், பிழை வந்த பகுதியை மட்டும் சுட்டி விளக்கம் கேட்க முடிகிறது.

ஆனால் அதே ஃபைண்ட் கட்டளைதான் என்னை இதை எழுத வைக்கிறது. சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்ட ஓர் இரவில், எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர் பழைய லாக் கோப்புகளை, அதாவது சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகளை, அழிக்க ஏஐயிடம் கட்டளை கேட்டார். வந்ததில் எல்லாச் சொற்களும் சரியாகவே இருந்தன. டெலீட் மட்டும் பெயர், வயது நிபந்தனைகளுக்கு முன்னால் நின்றது. ஃபைண்ட் இடமிருந்து வலமாகவே செயல்படும் என்பதால், நிபந்தனைகளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஃபோல்டரில் இருந்த அனைத்தும் அழிந்திருக்கும். "சரியாத்தானே இருக்குண்ணா" என்றார் அவர். நான் அப்போது திரையைப் பார்த்தது தற்செயல். கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் அழித்த கோப்புக்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

ஆகவே, எதையும் மாற்றாமல் படிக்க மட்டும் செய்யும் கட்டளைகளை ஏஐ தானே இயக்கலாம், மாற்றும் கட்டளைகளுக்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும் என்ற ஏற்பாட்டை, அது கட்டளையின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும்வரை, நான் ஏற்க மாட்டேன். பெயரளவில் ஃபைண்ட் தேடுவதற்கானதுதான்; ஆனால் டெலீட் சேர்ந்தால் அதுவே அழிக்கும். அனுமதி கேட்கும்போது வரும் "இனி கேட்காதே" என்ற தெரிவையோ நள்ளிரவில், களைப்பில், யாரும் அழுத்திவிடுவார்கள்.

2024 மே மாதம், மேக் கணினிகளுக்கான டெர்மினலான ஐடெர்ம்2வின் 3.5 பதிப்பில் ஏஐ வசதி சேர்க்கப்பட்டபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பயனரே ஏஐ சேவையை அணுகுவதற்கான தன் ரகசியக் குறியீட்டை, அதாவது ஏபிஐ கீயைக், கொடுத்தாலொழிய அது இயங்காது என்பதால் அந்தக் கோபம் மிகையானது என்று பலர் கருதினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுச்சொற்களும், தொலைவிலுள்ள கணினிகளுக்கான எஸ்எஸ்எச் இணைப்புகளும் கடந்துபோகும் இடத்தில், வெளியே எதையும் அனுப்பக்கூடிய பகுதி தனியாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. அடுத்து வந்த 3.5.1 பதிப்பில் அந்த வசதி தனிச் செருகுநிரலாகப் பிரிக்கப்பட்டது.

எங்கள் குழுவில் இப்போது, ஏஐ தரும் ஃபைண்ட் கட்டளை எதுவானாலும், டெலீட் இருக்கும் அதே இடத்தில், பட்டியலிட மட்டும் செய்யும் பிரிண்ட் என்று மாற்றி முதலில் ஓட்டிப் பார்க்கிறோம். வரும் பட்டியலை ஒருவர் படித்த பிறகே டெலீட் திரும்ப வருகிறது.