"25 வயசு வரைக்கும் மூளை வளராது"ன்னு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு

"25 வரைக்கும் மூளை வளராது, அதான் பசங்க ஆபத்து புரியாம டேட்டிங் ஆப்ல மாட்டிக்கிறாங்க"ன்னு வாட்சப்ல சுத்துது, தப்புங்க. 25ல ஒரே நாள்ல சுவிட்ச் போட்ட மாதிரி எதுவும் மாறாது. 16 வயசுலயே நிதானமா யோசிக்க விட்டா பெரியவங்க மாதிரிதான் கணக்கு போடுறாங்க, கூட்டாளி பக்கத்துல வந்தாதான் கதையே மாறுது. 2005ல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு அமெரிக்கால ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர்ல கார் கேம் ஆட விட்டு மஞ்சள் லைட் விழுந்தப்புறம் யார் எவ்ளோ தூரம் ஓட்டுறாங்கன்னு பாத்தாங்க, 13–16 வயசு பசங்க தனியா ஆடுனத விட ஃப்ரெண்ட்ஸ் கூட இருந்தப்ப ரொம்ப ரிஸ்க் எடுத்தாங்க, 24 தாண்டுனவங்க ரெண்டுலயும் ஒரே மாதிரிதான். கார் கேம் வேற டேட்டிங் வேற, ஒத்துக்கறேன், ஆனா ராத்திரி 11 மணிக்கு நாலு பேர் சுத்தி நின்னு "போட்டோ அனுப்புடா மச்சான்"னு உசுப்பேத்துறப்ப அங்க பிரச்சனை மூளையா, கூட்டமா?