லினக்ஸ் பற்றி எழுதுபவர்களே, வோல்பேப்பரை விட்டு வெளியே வாருங்கள்

எங்கள் பிளட்ஸில் மூன்றாம் மாடியில் ஒரு ரீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல வருடம், இப்போது கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்கு சூமில் தமிழ் படிப்பிக்கிறார். போன மாதம் படியில் என்னைக் கண்டு மறித்து, "தம்பி, என்ரை லப்டொப்பின்ரை காலம் முடிஞ்சுதாம், புதுசு வாங்கத்தான் வேணுமாம், உண்மையே?" என்று கேட்டார். 2016இல் வாங்கிய லப்டொப். ஒரு பழுதும் இல்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது, அந்த அறிவித்தல் திரையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், ஏறத்தாழ 2017இன் கடைசியில் இருந்து வந்த புரொசசர்களைத்தான் ஏற்கும், ரீச்சரின் லப்டொப் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார், இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் குறைய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

மருமகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரையையும் காட்டினார். பெயர் பெற்ற ஒரு வெளிநாட்டுக் கணினித் தளத்தில் வந்தது. ஒரு வருடத்துக்கு அப்டேட்டை நீட்டிப்பது எப்படி என்று இரண்டு பந்தி, எந்தப் புது லப்டொப் வாங்கலாம் என்று விலையோடும் வாங்கும் இணைப்போடும் ஏழெட்டுப் பந்தி, கடைசியில் ஒரு வரி: கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் லினக்ஸையும் யோசிக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். கட்டளை வரி என்றால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குவது, ரீச்சருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே அது தனக்கு இல்லை என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வரியை எழுதியவர் கடைசியாக எந்த வருடம் ஒரு லினக்ஸ் கணினியின் முன் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த லப்டொப்பில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டோம். கறுப்புத் திரையில் ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை. அரை மணித்தியாலம் எடுத்திருக்கும். வைஃபை, சூம், கமரா எல்லாம் வேலை செய்தன. அதன் பிறகு ஒரு முழு நாள் வேறு இரண்டு விடயங்களுக்குப் போனது. அந்த இரண்டைப் பற்றியும் இருபது வருடமாக நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் ஒரு சொல் இல்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கம்பஸில் இருந்த காலத்தில் உபுண்டு என்ற லினக்ஸின் சீடி தபாலில் இலவசமாக வரும், கொழும்பு முகவரிக்குக்கூட வரும், 2011இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். அப்போது இந்தியாவில் இருந்து வரும் கணினிச் சஞ்சிகைகளைக் காலி வீதி நடைபாதைக் கடையில் பழைய விலைக்கு வாங்கி வாசிப்போம். அன்றைக்கு லினக்ஸ் விமர்சனம் எழுதப்பட்ட முறையிலேயே இன்றைக்கும் எழுதப்படுகிறது. நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்குவது, விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, நிறுவும் திரையைப் படம் எடுப்பது, புது வோல்பேப்பர் அழகாக இருக்கிறது என்பது, எந்தப் பிரவுசர் கூட வருகிறது என்பது, பத்துக்கு எட்டு. முடிந்தது. மெய்நிகர் கணினியில் ஓட்டினால் வைஃபை சில்லு பிடிக்குமா, மூடியை மூடித் திறந்தால் எழும்புமா, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எதுவுமே தெரிய வராது. வாசகருக்கு வேண்டியதோ அதுதான். எழுதுபவருக்குத் தெரிவது முதல் அரை மணித்தியாலம் மட்டும், வாசகர் அதற்குப் பிறகு நாலைந்து வருடம் அதோடு வாழ வேண்டும்.

உபுண்டுவையே எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் புதுப் பதிப்பு வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, அதற்கு ஐந்து வருடம் அப்டேட் உண்டு. இடையில் வருகிறவைக்கு 9 மாதம்தான். எல்டிஎஸ்ஸான 24.04க்கு 2029 வரை அப்டேட் வரும், ஆனால் இடைப்பதிப்பான 25.10 போட்டவர் 2026 ஜூலையில் மறுபடியும் மாறியே ஆக வேண்டும். இது ஒரு புது ஆளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விடயம். ஆனால் தலைப்பைப் பாருங்கள், 'புதிய உபுண்டு வந்துவிட்டது, இன்றே மாறுங்கள்' என்றுதான் இருக்கும், இரண்டுக்கும் ஒரே தலைப்பு. அதை நம்பிப் போட்டவர் ஒரு வருடத்தில் அப்டேட் வராமல் நின்று, லினக்ஸே இப்படித்தான் என்று வெறுத்துப் போவார். அப்படிப் போன மூன்று பேரை எனக்கே தெரியும்.

டிஸ்ட்ரோ என்றால் என்ன என்பதையும் ஒழுங்காகச் சொல்கிறார்களில்லை. முப்பது பெயரை வரிசையாகப் போட்டு முப்பதும் முப்பது வெவ்வேறு இயங்குதளம் என்ற மாதிரி எழுதினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் பத்துக் கடையில் மத்தியானச் சோற்றுப் பார்சல் வாங்கலாம். அரிசி ஒன்றுதான், கறியும் கட்டுகிற விதமும்தான் வேறு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதன் மேல் க்னூ என்ற அடிப்படைக் கருவிகள், ஒரு டெஸ்க்டொப், மென்பொருள்களைப் போடவும் கழற்றவும் அப்டேட் பண்ணவும் ஒரு முறை, இவற்றைச் சேர்த்துக் கட்டித் தருபவர்கள்தான் டெபியன், ஃபெடோரா, உபுண்டு எல்லாம், அப்படிக் கட்டித் தருகிற பொதிதான் டிஸ்ட்ரோ. மின்ட் உபுண்டுவில் இருந்து வருகிறது, உபுண்டு டெபியனில் இருந்து வருகிறது, டெபியன் 1993இல் இருந்து இருக்கிறது. இவ்வளவையும் ஒரு பந்தியில் சொல்லிவிடலாம். இதைச் சொல்லிவிட்டு, இந்தக் கடை நாளைக்கும் திறந்திருக்குமா, யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதினால் அது விமர்சனம். ஒரு தனி ஆள் ஓய்வு நேரத்தில் கட்டுகிற டிஸ்ட்ரோவையும் ஆயிரக்கணக்கானோர் பங்களிக்கிற டெபியனையும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வாசகருக்குச் செய்கிற அநியாயம்.

சரி, பட்டியல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 2001இல் தொடங்கிய டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையில் இருந்து. அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு பக்கம் உண்டு, அந்தப் பக்கத்தை ஒரு நாளில் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதுதான் அந்த எண். எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று அந்தத் தளமே எழுதி வைத்திருக்கிறது. எம்எக்ஸ் லினக்ஸ் அதில் வருடக்கணக்காக முதலிடத்தில் நின்றது, நல்ல டிஸ்ட்ரோதான், நான் பாவித்திருக்கிறேன். ஆனால் அதை 'உலகில் அதிகம் பேர் பாவிக்கும் லினக்ஸ்' என்று எழுதியதை நான் கண்ணால் வாசித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்த அந்தப் பிழை ஒரு கிழமையில் தமிழிலும் வரும், இங்குள்ள தொழில்நுட்பப் பக்கங்களில் பெரும்பாலானவை அதைத்தான் மொழிபெயர்க்கின்றன.

பாதுகாப்புச் செய்திகளில் எனக்குக் கோபம் இன்னும் கூட. 2024 மார்ச் 29 நினைவிருக்கிறதா? அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் தன்னுடைய டெபியன் சோதனைப் பதிப்பில் தூரத்தில் இருந்து கணினிக்குள் நுழையப் பாவிக்கிற எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழமையைவிட அரை செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டு போனவர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ களவாக உள்ளே நுழைய ஒரு பின்கதவை ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் முன்னால் வைத்தார். அடுத்த நாள் நான் பார்த்த தலைப்புகளில் பாதி, உலகத்தின் லினக்ஸ் கணினிகள் எல்லாம் ஆபத்தில் என்றுதான் இருந்தன. எனக்கே நாலு பேர் போன் எடுத்தார்கள். உண்மையில் அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்தது டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் மாதிரி உடனுக்குடன் புதுசு எடுக்கிற டிஸ்ட்ரோக்களுக்கு. நிலையான டெபியனுக்கு வரவில்லை, உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு வரவில்லை, ரெட் ஹட்டின் நிறுவனப் பதிப்புக்கு வரவில்லை. டிஸ்ட்ரோக்கள் ஏன் ஒரு புதுப் பதிப்பை மாதக்கணக்காக வைத்துச் சோதிக்கின்றன, 'பழைய மென்பொருள்தான் இதில் வருகிறது' என்று விமர்சனத்தில் மார்க் குறைக்கிறார்களே, அந்தப் பழசு ஏன் பழசாக இருக்கிறது என்று விளங்கப்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அதையும் விட்டார்கள். எக்ஸ்இசட்டைப் பல வருடமாகச் சம்பளம் இல்லாமல் ஒரே ஒரு மனிதர் பராமரித்து வந்தார், அவர் களைத்துப் போயிருந்த நேரம் பார்த்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவி செய்கிறேன் என்று வந்து இரண்டு வருடத்துக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்தார், வேறு பெயர்களில் வந்தவர்கள் பொறுப்பைக் கைமாற்றச் சொல்லி அந்த மனிதரை நெருக்கினார்கள். உலகத்தின் சேர்வர்கள் இப்படிப்பட்ட மனிதர்களின் தோளில் நிற்கின்றன என்பதுதான் அன்றைய பெரிய செய்தி. நான் பார்த்த பெரிய தளங்களில் இரண்டு நாளில் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

ஏன் இப்படி என்று யோசித்தால் காசுதான் காரணமாகத் தெரிகிறது. டெபியன் யாருக்கும் விளம்பரம் கொடுக்காது. புது லப்டொப் விற்பவர் கொடுப்பார், விற்பனை இணைப்பைச் சொடுக்கினால் தளத்துக்குத் தரகும் வரும். பழைய லப்டொப்பை இன்னும் ஐந்து வருடம் பாவியுங்கள் என்று எழுதினால் யார் காசு தருவது? 2004இல் பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸ் விண்டோஸ் சேர்வரைவிடப் 10 மடங்கு செலவு என்று மைக்ரோசொஃப்ட் ஒரு சஞ்சிகையில் விளம்பரம் போட்டது. லினக்ஸை ஐபிஎம்மின் பென்னாம்பெரிய மெயின்ஃபிரேம் கணினியில் ஓட்டிய செலவையும் விண்டோஸைச் சாதாரண இன்டெல் சேர்வரில் ஓட்டிய செலவையும் பக்கத்தில் வைத்து எடுத்த கணக்கு அது. விளம்பரத் தரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு அதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை அந்தக் காலக் கணினிச் சஞ்சிகைகளுடையது இல்லையா?

ஒழுங்காக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். எல்டபிள்யூஎன் என்ற லினக்ஸ் செய்தித் தளம் 1998இல் இருந்து வருகிறது, வாசகர்களின் சந்தாவில்தான் ஓடுகிறது, சந்தா இல்லாதவர்களுக்கும் சில நாள் கழித்துக் கட்டுரை திறந்துவிடும். கேர்னலில் என்ன நடக்கிறது, யார் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அவ்வளவு பொறுமையாக எழுதுவார்கள். லினக்ஸ் ஜேர்னல் சஞ்சிகை 1994இல் தொடங்கி 2019இல் காசில்லாமல் மூடப்பட்ட அன்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. தமிழில் கணியம் தளம் 2012இல் இருந்து கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பாவிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள் பற்றி எழுதிக்கொண்டு இருக்கிறது, அந்த உழைப்புக்குக் கைகூப்ப வேண்டும்.

இப்போது அந்த ஒரு நாள் எதற்குப் போனது என்று சொல்கிறேன். ஒன்று பாமினி. ரீச்சரின் இருபது வருட வினாத்தாள்கள் முழுக்கப் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. இலங்கையில் தமிழில் தட்டச்சுச் செய்தவர்களில் எத்தனையோ பேரின் கோப்புகள் அப்படித்தான். அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை, ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் தமிழ் உருவத்தை வைத்துப் போர்த்தியது. அதனால் வேர்ட் மாதிரியான லிப்ரே ஒஃபிஸில் திறந்ததும் ஆங்கில எழுத்தும், குற்று வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக வந்தது. ரீச்சரின் முகம் வாடிவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பழைய விண்டோஸில் இருந்து எடுத்து வைத்திருந்த பாமினி எழுத்துருக் கோப்பைப் போட்டதும் அத்தனையும் தமிழாகத் திரும்பி வந்தது. அதற்கு ஐந்து நிமிடம், ஆனால் என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம். அப்புறம் யூனிகோடில் தட்டச்சு. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை உண்டு, எங்கள் நாட்டு ரங்கநாதன் விசைப்பலகைகூட உண்டு, யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்து வைத்திருக்கிறார். அது இருக்கிறது என்று எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை, மெனுவில் தேடிக் கண்டுபிடித்தேன். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பருக்கும் விஜேசேகர விசைப்பலகையோடு இதே கதைதான். மற்றது ரீச்சரின் பழைய லேசர் பிரிண்டர், அதற்கு டிரைவர் தேடி இரவு ஒன்பது மணியாகிவிட்டது.

எல்லாரும் மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டோஷொப்பில் பிழைப்பவர், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை வைத்துக் கடை நடத்துபவர் மாறக்கூடாது, அதையும் அந்தக் கட்டுரைகள் நேராகச் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போன பிறகு இந்த ஊரில் ஒரு லப்டொப் என்பது பல வீடுகளில் ஒரு பெரிய முடிவு. அந்த முடிவை எடுக்கிற ஆளுக்குத்தான் எழுதுகிறோம் என்ற நினைவு கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இங்குள்ள பத்திரிகைகளுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியது இதே நாட்டுத் தன்னார்வலர்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அதைப் பாவித்தார்கள், 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. லினக்ஸ் பற்றி எழுத வெளிநாட்டுப் பட்டியலைத் தேடிப் போகத் தேவையில்லை, அந்த ஆட்களில் பலர் இன்னும் இந்த ஊரில் இருப்பார்கள், போய்க் கேட்டு எழுதுங்கள்.

நான் இனி ஒவ்வொரு மாதமும் ஒரு பழைய லப்டொப்பில் ஒரு டிஸ்ட்ரோவை ஒரு மாதம் முழுக்கப் பாவித்துவிட்டு இங்கே எழுதப் போகிறேன். பாமினிக் கோப்பு, ரங்கநாதன், யூனிகோட், வைஃபை, பிரிண்டர், பற்றரி, ஒரு மாதத்துக்கு அப்டேட் எத்தனை ஜிபி டேட்டா தின்றது, எல்லாம் வரும். முதலாவது டெபியன் 13. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் உள்ளவர்கள் விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று மூடி வைத்த லப்டொப் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், ஞாயிறு காலையில் வந்து பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், முக்கியமான கோப்புகளின் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். பாமினி எழுத்துரு என்னிடம் இருக்கிறது.