எம்டன் குண்டும் முக்கா இஞ்ச் வால்வும்

கல்யாண நாளும் அதுவுமா பொண்டாட்டிய டூர் இட்டுக்கினு போறேன்னு கெளம்புன வண்ணாரப்பேட்டை குமாரும், 22 வருஷமா அந்த டூருக்கு வெயிட் பண்ண செல்வியும் மெட்ராஸ் பாரிஸ் கார்னர் பஸ் ஸ்டாப்புல எறங்குறாங்க. குமார் கைல ஒரு மஞ்சப்பை. அதுல இன்னா கீதுன்னு அப்பால பாத்துக்கலாம்.

குமார்: தோ பாரு ஹைகோர்ட்டு, 1892ல தொறந்தது, இன்னா ஸோக்கா கீது பாத்தியா. அந்த பெரிய கோபுரத்து மேல லைட் ஹவுஸே இருந்துச்சுமே, 1977ல மெரினாவுல புச்சா வர்ற வரிக்கும் கப்பலுக்கெல்லாம் இதான் வழி.

செல்வி: யோவ், இந்த வழியா நான் பஸ்ல நூறு வாட்டி போயிக்கிறேன், இது ஒரு டூரா?

குமார்: பஸ்ல போனா இதெல்லாம் தெரியுமா? 1914 செப்டம்பர் 22 நைட்டு, மொத உலகப் போரப்போ, ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல் கடல்லேர்ந்து குண்டு போட்டுச்சு, ஹார்பராண்ட எண்ண டேங்க் பத்திக்கினு எரிஞ்சுது, ஒரு குண்டு இங்க கோர்ட்டு செவுத்தாண்ட வுழுந்து, அதுக்கு கல்வெட்டு கூட வச்சிக்கிறாங்கோ.

செல்வி: ஓ, எங்கம்மாவ எம்டன் எம்டன்னுவியே, அது இவன்தானா?

குமார்: அவனாச்சும் அன்னிக்கு நைட்டே கெளம்பிட்டான்மே... சரி சரி மொறைக்காத, வா, தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள கும்பிடலாம். 1677ல சத்ரபதி சிவாஜியே வந்து கும்பிட்ட கோயிலு.

செல்வி: அவரு அம்மாந்தூரத்துலேர்ந்து குதிரைல வந்துட்டாரு, நீ வண்ணாரப்பேட்டைலேர்ந்து என்ன இட்டாற 22 வருஷம்!

(கும்பிட்டுட்டு வெளிய வர்றாங்க.)

குமார்: அடுத்தது அரண்மனைக்காரன் தெரு.

செல்வி: ஐய, அரண்மனையா? எங்கயா?

குமார்: அரண்மனையெல்லாம் இல்லமே, ஆர்மீனியன் தெருன்றது நம்மாளுங்க வாய்ல அப்டி ஆயிடுச்சு. அந்த ஊரு யாவாரிங்க 1772ல கட்டுன சர்ச்சு தோ இதான், மணிக்கூண்டுல ஆறு மணி கீது, ஒவ்வொண்ணும் யான வெயிட்டு.

(பை கேட்ல இடிச்சு 'டங்'ங்குது.)

செல்வி: இது ஏழாவது மணியா? காட்டுயா.

(தினசரி பேப்பர்ல சுத்துன, பாசி புடிச்ச பழைய கேட் வால்வு, தண்ணி பைப்ப தொறந்து மூடுறது. பேப்பரெல்லாம் துரு.)

குமார்: அது... மோட்டாராண்ட லீக்காவுதுன்னு நீதான கத்துன. பக்கத்துல செம்புதாஸ் தெருதான், பைப்பு சாமானெல்லாம் ஹோல்சேலு, நம்மூட்டாண்ட கடைய வுட நாப்பது ரூவா கம்மி. சாம்பிள் காட்டுனாதான் அளவு கரீட்டா குடுப்பான். அப்பால செகண்ட் லைன் பீச்சு ரோட்டுல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸு, வாங்கித் தர்றேன், முட்ட போட்டு.

செல்வி: கம்மி வெலைக்குதான வந்தோம், பிராட்வேய தாண்டுனா கோடவுன் தெரு, பொடவ ஹோல்சேலு.

குமார்: அங்க ஒண்ணு ரெண்டுலாம் தரமாட்டான்மே, மொத்தமாதான்.

செல்வி: எனக்கு, எங்கக்காவுக்கு, எம்டனுக்கு ஒரு நாலு, மொத்தமாயிடும்ல? பைய இப்டி குடு. வால்வ உன் பாக்கெட்ல போட்டுக்க, பொடவைல துரு பட்டுடப் போவுது.