வெள்ளைக் கோடுகளை 40 மீட்டர் கீழே நகர்த்துங்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், பெருமாள்மலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் எங்கள் ஊரில் கடைவீதி என்று தனியாக ஒன்று கிடையாது. சாலைதான் கடைவீதி. டீக்கடையும் ரேஷன் கடையும் மேட்டுப் பக்கம் இருக்கின்றன. பள்ளிக்கூடமும் நிழற்குடையும் பெரும்பாலான வீடுகளும் பள்ளத்துப் பக்கம் இருக்கின்றன. ஒரு நாளில் நான்கு முறையாவது அந்தச் சாலையைக் கடக்காமல் இங்கே யாரும் வாழ முடியாது. கடப்பதற்காக ஓர் இடத்தில் வெள்ளைக் கோடுகளும் போட்டிருக்கிறார்கள். அந்த இடம் தவறானது என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, பனிமூட்டம் இறங்கியிருந்த நேரத்தில், காப்பித் தோட்ட வேலை முடிந்து வந்த என் அத்தை மேலிருந்து வரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அந்த பஸ் வளைவு முடியும் இடத்தில், வெள்ளைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும். அத்தை பஸ்ஸின் முன்பக்கமாக வந்து கோட்டின் மேல் கால் வைத்தபோது, நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு கார் இறங்கியது. ஓட்டியவர் பிரேக்கை அழுத்தி, ஒரு கை நீளத்தில் நிறுத்திவிட்டார். அத்தைக்கு அடிபடவில்லை, ஆனால் கையிலிருந்த ரேஷன் அரிசி முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, "வெள்ளக் கோட்டு மேலதானப்பா நடந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை. செய்யச் சொன்னதை அவர் சரியாகச் செய்திருக்கிறார். காரை ஓட்டியவருக்கோ, அப்படி ஒரு கோடு இருப்பதே தெரிய வழியில்லை.

அடுத்த வாரம் டீக்கடை அண்ணனும் நானும் டேப் வைத்து அளந்தோம். வளைவு திரும்பி இறங்கும் ஒரு வண்டியின் கண்ணுக்கு அந்தக் கோடு முதன்முதலில் படுவது 26 மீட்டர் தொலைவில்தான். இந்தியச் சாலைப் பேராயத்தின் வடிவமைப்பு விதிகளின்படி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி தடையைப் பார்த்து நிற்க 30 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர் வேண்டும். இறக்கமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே நிதானமாக 30-ல் வரும் நல்ல ஓட்டுநரால்கூட அங்கே உறுதியாக நிறுத்த முடியாது. வளைவு முனையில் ஒரு பஸ் நின்றுவிட்டால் அந்த 26 மீட்டரும் இல்லாமல் போகிறது.

அதே கோட்டை 40 மீட்டர் கீழே போட்டால், ஓட்டுநரின் பார்வைக்கு 66 மீட்டர் கிடைக்கும். நிழற்குடைக்கு அருகில் சாலை நேராக ஓடும் இடம் அது. பள்ளிப் பிள்ளைகள் தாமாகவே கடப்பதும் அங்கேதான். பத்து நாள் காலை வேளையில் நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்கு மேலேறி வந்து கடந்தவர்கள் மிகச் சிலரே. மக்கள் கால்களால் காட்டும் இடத்தைப் பார்த்த பிறகு கோடு போட வேண்டும் என்பதை யாராவது அந்த வேலையைத் தொடங்கும் முன் யோசித்திருக்கலாம்.

ஆனால் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் கணக்கே சொல்கிறது. சாலை 7 மீட்டர் அகலம். அத்தையைப் போன்ற முதியவர்கள் விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறார்கள் என்று கொண்டால், கடந்து முடிக்க ஏறத்தாழ 9 விநாடிகள் ஆகும். அந்த 9 விநாடிகளில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 100 மீட்டரைக் கடந்துவிடும்; 25-ல் வந்தால் 62 மீட்டர்தான் வரும். 66 மீட்டர் பார்வை இருக்கும் இடத்தில், 25-க்கு மேல் போகவிடாமல் வண்டியைக் கட்டுப்படுத்தினால்தான், அவர் கால் வைத்த பிறகு வளைவில் திரும்பும் வண்டிகூட அவரை எட்டாது.

வண்டிகள் இல்லாத நேரம் பார்த்துக் கடக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2025 கோடைப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வார இறுதி நாள்களில் 6,000 சுற்றுலா வண்டிகள்வரை அனுமதிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பகல் 12 மணி நேரத்துக்குப் பிரித்தால் அது 7 விநாடிக்கு ஒரு வண்டி. அதில் பாதி பழனி வழியில் போகட்டும். ஏறுவதோடு இறங்குவதையும் சேர்த்தால் கணக்கு மறுபடியும் 7 விநாடிக்கே வந்து நிற்கிறது. 9 விநாடி தேவைப்படும் மனிதருக்கு இடைவெளி எங்கிருந்து கிடைக்கும்? வண்டி நின்றுதான் ஆக வேண்டும். கடக்கும் இடத்தில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் விதிமுறைகளும் சொல்கின்றன. எங்கள் மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடும் முறையை வெளியூர் ஓட்டுநர்களும் ஓரளவு கடைப்பிடிக்கிறார்கள். நடப்பவருக்கு நிற்பதை மட்டும் யாரும் பழகவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். கோட்டை நேரான பகுதிக்கு நகர்த்தி, வண்டிகளின் வேகம் குறையும்படி அந்த இடத்தையே சாலையிலிருந்து சற்று உயர்த்தி, இருபுறமும் சரிவு வைத்த மேடையாக அமைக்க வேண்டும்; மழைநீர் மேல்பக்கம் தேங்காதபடி ஓரத்தில் வழி விட வேண்டும். வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும், பனிமூட்டத்திலும் தெரியும் மின்னும் விளக்கும் வேண்டும். பஸ் நிறுத்தங்களையும் மாற்ற வேண்டும். ஏறும் பஸ் கோட்டைத் தாண்டி மேலேயும், இறங்கும் பஸ் கோட்டைத் தாண்டிக் கீழேயும் நிற்குமானால், இறங்குபவர்கள் பஸ்ஸுக்குப் பின்பக்கமாகக் கடப்பார்கள். அப்போது பஸ்ஸை முந்தும் வண்டிக்கு அவர்கள் தெரிவார்கள். இதற்குப் பெரிய செலவே இல்லை.

நடைமேம்பாலம் வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முழங்கால் வலிக்கும் அத்தை சுமையோடு படியேறி இறங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. இரவோடு இரவாக நாமே வேகத்தடை போட்டுவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்வதும் ஆபத்தானது. வண்ணமும் பலகையும் இல்லாத மேடு, இறக்கத்தில் வரும் இருசக்கர வண்டியைக் கவிழ்த்துவிடும். கோட்டுக்கு அருகில் வண்டி நிறுத்தக் கூடாது என்றால் பழம் விற்பவர்களுக்கு வியாபாரம் குறையும் என்ற கவலை நியாயமானது. அவர்களுக்குக் கீழே சற்று அகலமான ஓரத்தில் இடம் ஒதுக்கலாம்.

இந்தக் கோரிக்கையோடு நான் சென்ற அலுவலகத்தில், "கோடுதான் போட்டாச்சே" என்றார்கள். சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதிகளை மீறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டப்பிரிவு 198ஏ வந்துவிட்டது. ஆனால் அது ஒருவர் விழுந்த பிறகு வரும் சட்டம். அதற்கு முன்னால் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கால்தான் உச்ச நீதிமன்றம் 2014-ல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மருத்துவமனைக்குள் பார்த்ததை ஒருவர் நீதிமன்றம்வரை கொண்டுபோக முடிந்தது என்றால், டேப்பில் அளந்ததை நாம் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொண்டுபோகலாம்.

அளவுகளோடு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். வருவதற்கு முன் சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலை 8 மணிக்கு டீக்கடைக்கு வாருங்கள். டேப் கடையிலேயே இருக்கிறது. வளைவிலிருந்து கோடு வரை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.