அந்த வீடியோ எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்

சித்தப்பா மகள் கல்யாணத்தில் ஆட்டிசம் உள்ள என் தம்பி கத்துகிற வீடியோ குரூப்புகளில் சுற்றுவதைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட நாலு வரிக்குக் கீழே இத்தனை பேர் வந்து பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அறிவுரை சொன்னவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ 41 விநாடி. என் தம்பி கத்துவதில் ஆரம்பித்து, அம்மா அவனை மண்டபத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவதில் முடிகிறது. பட்டு வேட்டி கட்டின 26 வயது ஆம்பிளை, முகூர்த்த நேரத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறான். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை.

முன்னால் நடந்தது இதுதான். தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம். ரெண்டு தவில், ரெண்டு நாயனம், எல்லாவற்றுக்கும் மைக். அதற்கு மேல் நம் வீட்டுப் பொம்பளைகள் போட்ட குலவை. கூரை தாழ்ந்த ஏசி ஹால், சத்தம் சுவரில் அடித்துத் திரும்பி வருகிறது. எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. தம்பி உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான். ரெண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி விரல்களை உதறினான். வாயை மூடியபடி ஒரே சுரத்தில் முனகினான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் சமாளித்துக்கொண்டிருந்தான். யாரையும் இடிக்கவில்லை, யார் மேலும் விழவில்லை. அப்போது சித்தப்பா பின்னாலிருந்து வந்து, "ஏல, வீடியோ ஓடுது, கைய ஆட்டாம நில்லுல" என்று அவன் ரெண்டு மணிக்கட்டையும் பிடித்து உடம்போடு சேர்த்து அமுக்கினார். அமுக்கிக்கொண்டே நின்றார். மேளம் நின்றது. தம்பி கத்தினான்.

வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஆச்சி உயிரோடு இருந்தவரை இந்தக் கை உதறலுக்கு ஒரு பேர் வைத்திருந்தாள். "புள்ள இறக்க அடிக்கான்" என்பாள். ஆட்டிசம் என்ற வார்த்தையே தெரியாத, திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி மும்பை தாராவிக்கு வந்த பொம்பளை. தம்பி இறக்கை அடிக்க ஆரம்பித்தால் ரேடியோவை நிறுத்துவாள், இல்லையென்றால் ஜன்னலைச் சாத்துவாள். அவன் அடித்து முடிக்கிறவரை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு இருப்பாள். அவன் கையை அவள் பிடித்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர்கள் இதற்கு ஸ்டிம்மிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆச்சிக்கு அந்தப் பேர் தேவைப்படவில்லை.

பேர் தேவைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டிசத்தைப் பற்றி லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதல் குழந்தையின் பெயர் டொனால்ட். விரல்களைக் காற்றில் பின்னிப் பின்னி அசைத்தான், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், மூன்று சுரம் மட்டும் உள்ள ஒரே மெட்டை முனகிக்கொண்டே திரிந்தான் என்று கேனர் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினது போல இருந்தது. அந்த டொனால்ட் வளர்ந்து பெரியவராகி, ஊரிலேயே ஒரு வங்கியில் வேலை பார்த்து, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, 2023இல் 89 வயதில் காலமானார். அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்ட ஊர் அது.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"முகூர்த்த நேரத்தில் கத்தினால் அபசகுனம் இல்லையா?" இதை எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறோம்? அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான். கூட்டத்தில் ஒரு பிள்ளை அழும், ஒரு கிழவி இருமும் என்று தெரிந்துதான் நம் முன்னோர்கள் மேளத்தை வைத்தார்கள். அழுகிற பிள்ளையை மண்டபத்துக்கு உள்ளே விடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. தம்பியின் முனகல் அந்த மேளத்தில் யாருக்கும் கேட்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடிக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை கேட்டிருக்காது.

"அவனை எதற்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?" கல்யாணப் பெண் அவனுக்குத் தங்கச்சி. சித்தப்பா மகள். சின்ன வயதில் ஒரே சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அறை எங்களுக்கு. பத்திரிகை வைக்க வந்தபோது அவளே அவன் முன்னால் உட்கார்ந்து, "அண்ணன் கண்டிப்பா வரணும், மேடைல எம்பக்கத்துல நிக்கணும்" என்று சொன்னாள். அவன் பத்திரிகையை ஒரு மாதம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். தேதியை எத்தனை முறை சொல்லிப்பார்த்தான் என்று எனக்குத்தான் தெரியும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எதற்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டவர்களே, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் அண்ணனைக் கூப்பிடமாட்டீர்களா?

"பழக்கினால் நின்றுவிடும், தெரபி கொடுங்கள்." பழக்கிப் பார்த்தோம். அவனுக்கு ஏழு வயதில் ஒரு சென்டருக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். வாரம் அஞ்சு நாள். அப்பாவின் சம்பளத்தில் பாதி அங்கே போனது. அவன் கை தூக்கினால் அந்தம்மா "கை கீழே" என்பார். வைத்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். வைக்காவிட்டால் கையைப் பிடித்து மேஜையோடு அமுக்குவார். மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். நாலாவது மாதம் தம்பி தன் முன்கையைக் கடிக்க ஆரம்பித்தான், தோல் கிழியும்வரை. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கையை ஆட்டினால் வெளியே போயிருக்க வேண்டியது உள்ளேயே கிடந்து அவனைக் கடித்தது, அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த "நிறுத்து" என்கிற வைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தெரிந்துகொள்ளுங்கள். 1965இல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அஞ்சு வயது இரட்டைப் பையன்கள் ரெண்டு பேருக்குத் தரையில் மின்சாரம் பாய்ச்சி இந்த ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். அதை வெற்றி என்று ஆராய்ச்சி இதழில் எழுதவும் செய்தார்கள். எல்லாத் தெரபியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. இப்போது தம்பிக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவர் அவன் ஆடும்போது காத்திருக்கிறார், தங்கமான மனுஷி. ஆனால் பழக்கு, நிறுத்து என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், யாருக்காக நிறுத்த வேண்டும் என்று ஒரு தடவை யோசியுங்கள். 2019இல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. மனது கொந்தளிக்கும்போது அதுதான் எங்களை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது, அதை நிறுத்தப் பார்க்கிற வைத்தியம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். பேச முடிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். என் தம்பிக்கு அவ்வளவு வார்த்தை வராது. அவன் கத்தித்தான் சொன்னான்.

"தன்னையே அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" தடுப்போம். இதில் எனக்குச் சண்டை இல்லை. 14 வயதில் ஒரு நாள் திடீரென்று தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். தலையணையை நடுவில் வைத்து மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. பல்லைப் பிடுங்கின மூணாம் நாள் முட்டுவது நின்றது. காயம் வருகிற ஆட்டம் வேறு, கல்யாண வீட்டில் விரலை உதறுவது வேறு. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். இருக்கட்டும். சித்தப்பா பேசும்போது பைக் சாவியை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பார், முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். பெரியம்மா உட்கார்ந்தால் காலை ஆட்டாமல் இருக்கமாட்டாள். யாரும் போய் அந்தச் சாவியைப் பிடுங்கவில்லை, அந்தக் காலைப் பிடித்து அமுக்கவில்லை.

எங்களை அறியாதவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் தம்பியும் ஜிடிபி நகரில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் ஏறி வாஷி வரை போய்த் திரும்புவோம். வாஷியில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. மான்குர்த் தாண்டினதும் வருகிற கடல்பாலம்தான் வேலை. பாலத்தில் வண்டி ஏறினதும் சத்தம் மாறும், தம்பி எழுந்து நின்று ரெண்டு கையாலும் இறக்கை அடிப்பான். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில், ஹேண்டிகேப் டப்பாவில்தான் போவோம். அந்த டப்பா நிற்கிற இடத்தைப் பார்வையில்லாதவர்கள் கண்டுபிடிக்கப் பிளாட்பாரத்தில் ஒரு கருவி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருக்குமே, தம்பி முனகுகிற சுரம் அதுதான். முதல் நாள் ஏறினபோது ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர், "இஸ்கோ க்யா ஹுவா? ஹாத் பேர் தோ டீக் ஹை" என்றார். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். நான் அடையாள அட்டையை எடுக்கப் போனேன். அதற்குள் கீ செயின் விற்கிற பார்வையில்லாத பெரியவர் ஒருவர், "இவன் டேஷன்ல கத்துற பெட்டி மாதிரியே பாடுறானே, சுருதி அப்படியே இருக்கு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அவன் எந்தப் பக்கம் என்று காதால் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்து நின்றார். ஊன்றுகோல்காரர் கோலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், தம்பி ஆட இடம் கிடைத்தது. அவ்வளவுதான். ஒருவர்கூட அவன் கையைத் தொடவில்லை.

முகம் தெரியாதவர்களுக்கு முடிந்தது. அவனைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பாவுக்கு முடியவில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடும்ப விஷயத்தை இங்கே எழுதலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப விஷயத்தை நாலு குரூப்பில் சுற்றவிட்டது நான் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அதன் 92ஆம் பிரிவில், நாலு பேர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம்வரை சிறை என்று இருக்கிறது. சித்தப்பா மேல் நான் கேஸ் போடப்போவதில்லை. அவர் அவமானப்படுத்த நினைத்துப் பிடிக்கவில்லை, கல்யாணம் நல்லபடியாக முடியவேண்டும் என்கிற பதற்றம். எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீடியோவை வெட்டி, கீழே சிரிக்கிற படம் போட்டு அனுப்பினது யார்? அவர் இதைப் படிப்பார் என்றும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் பிடித்திருக்கிறேன். பத்தாவது படிக்கும்போது டியூஷன் தோழிகள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் தம்பியைச் சமையல்கட்டில் உட்காரவைத்து, "கை" என்று ஒரு வார்த்தை சொல்வேன். அவன் உடனே ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். தோழிகள் போகிறவரை, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அப்படியே இருப்பான். அவர்கள் போனதும் மறந்துபோய் நான் டிவி பார்க்க உட்கார்ந்துவிடுவேன். ஆச்சிதான் போய், "போதும் ராசா, எடு" என்பாள். அன்றைக்கு எனக்கு வெட்கம் பெரிதாக இருந்தது. அதனால்தான் உங்கள் யார் மேலும் எனக்கு வெறுப்பு இல்லை. கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

கல்யாணம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளாக அவன் கைகள் தொடைக்கு அடியில் இருக்கின்றன. யாரும் "கை" என்று சொல்லவில்லை. சாப்பிட மட்டும் ஒரு கையை எடுக்கிறான், சாப்பிட்டுக் கழுவினதும் திரும்ப அடியில் போய்விடுகிறது. முனகல் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, அம்மா சமையல்கட்டில் நின்று அழுகிறாள். "சமத்தா இருக்கானே இப்ப" என்று மேல்வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனாள். போன ஞாயிறு வாஷிக்குக் கூப்பிட்டேன், செருப்பைப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

சித்தப்பா, அந்த வீடியோவை எல்லாக் குரூப்பிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். தங்கச்சி நேற்று போன் செய்து அழுதாள், அவள் மேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள். வந்தால் தம்பி பக்கத்தில் சும்மா உட்காருங்கள், தொடவேண்டாம்.

விடிந்தால் ஞாயிறு. செருப்பை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் போட்டுக்கொண்டால் வாஷிக்குப் போவோம்.