ஆமா அண்ணாச்சி, டீச்சருக்குத்தான் படிக்கிறேன்

சனிக்கிழமை மேடையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோ பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து பேர் சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுக்கும் ஆகலன்னா பி.எட். சேர்ந்துர வேண்டியதுதான்" என்று மேடையில் மைக் பிடித்த அண்ணாச்சி டீச்சர் படிப்பைக் கேலி செய்து சொன்னாராம், மண்டபமே கைதட்டியதாம். கொஞ்ச நேரம் முன்னால்தான் அதே வாய் "நம்ம பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என்று முழங்கியது. அந்தப் பேரை ஊருக்கு வாங்கித் தந்தது யாராம், அல்வாக் கடைக்காரர்களா?

ஒண்ணுக்கும் ஆகாதவர்கள் ஒதுங்குகிற இடம் இல்லை இது. நான் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வந்தவள். முன்பு ஒரே வருஷமாக இருந்த பி.எட்., 2015 முதல் 2 வருஷம். அதில் 16 வாரம் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். முடித்தால் அரசு வேலையா? டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது, 150 கேள்வி. அதில் பாஸானால் வேலையா? 2018 அரசாணைக்குப் பிறகு அதற்கு மேலும் ஒரு போட்டித் தேர்வு. ஒண்ணுக்கும் ஆகாதவர்களுக்கு இத்தனை வாசல் எதற்கு அண்ணாச்சி?

போன மாதம் ஏழாம் வகுப்பில் குறை எண்களைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தெர்மாமீட்டர் படம் போட்ட சார்ட் கொண்டுபோயிருந்தேன். –8 லிருந்து –5 ஐக் கழித்தால் ஏன் –3 என்று ஒருத்தருக்கும் ஏறவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்தான். "டீச்சர், கடையில எட்டு ரூவா பாக்கி. கடைக்காரரு அஞ்சு ரூவா பாக்கியத் தள்ளிட்டாரு. இப்ப மூணு ரூவாதான பாக்கி?" வகுப்பு மொத்தமும் "ஆ...மா" என்றது. சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, மீதிப் பாடத்தைப் பலசரக்குக் கடையிலேயே நடத்தினேன். இதை ஒண்ணுக்கும் ஆகாத வேலை என்கிறவர் ஒரு நாள் அந்த நாற்பது பிள்ளைகள் முன்னால் வந்து நிற்கட்டும். மைக் கிடையாது, கைதட்டும் கிடையாது.

"எல்லாரும் ஆசைப்பட்டா வர்றாங்க?" என்று கமெண்டில் ஒருத்தர். இல்லைதான். இன்ஜினியரிங்கில் எல்லாரும் ஆசைப்பட்டா சேர்ந்தார்கள்? சேரும்போது யாராவது மைக்கில் கேலி செய்தார்களா? விடுங்கள். "லீவு நிறைய, சம்பளம் நிறைய" என்று இன்னொருத்தர். அந்தச் சம்பளம் அரசு வேலை கிடைத்தவர்களுக்கு. தனியார் பள்ளியில் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிக்கொண்டு, வேன் ட்யூட்டியும் பார்க்கிற அக்காமாரிடம் போய்ச் சொல்லுங்கள், செருப்பு பறக்கும்.

வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் நிம்மதியா? பயிற்சிக்குப் போன பள்ளியில் எனக்கு வழிகாட்டுகிற டீச்சர் 2005 இல் சேர்ந்தவர். டெட் வருவதற்கு முன்னால் சேர்ந்தவர்களும் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வு பெற 5 வருஷத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. டீச்சருக்கு அந்தக் கணக்கும் சேரவில்லை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு என்னுடைய உளவியல் புத்தகத்தை வாங்கிப் படிக்கிறார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், என்னிடம் "இது வருமா ம்மா?" என்று கேட்கிறார். அவரையும் சேர்த்துத்தானே சிரித்தீர்கள்?

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா" என்பீர்கள். முக்கூடலில் பீடி சுற்றி என்னைப் படிக்க வைக்கிற அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்தாள். தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. "ஏட்டி, அவிய நம்மளையா சொல்லுதாவ?" என்றாள். இல்லைம்மா, பொதுவாச் சொல்லுதாவ என்றேன். கைதட்டுகிற கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் சித்தப்பா இருப்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அண்ணாச்சியை விடுங்கள், மைக் கிடைத்தால் பேசுகிறவர். சித்தப்பாவுக்கு என்ன வந்தது? அரைப் பரீட்சை வந்தால் அவர் மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். வரட்டும், சொல்லிக்கொடுப்பேன். கூட்டிக்கொண்டு வருகிறவரிடம்தான் பேசப் போவதில்லை.