தங்க எழுத்துப் பெட்டிக்கு 5,000 ஆர்டர் கட்டாயமா? இல்லை

குன்னூர் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: தங்க நிறத்தில் மின்னும், தொட்டால் மேடாகத் தெரியும் எழுத்துள்ள அட்டைப் பெட்டி வேண்டுமானால் பிளேட் (அச்சுத் தகடு), பிளாக் (எழுத்தைப் பதிக்கும் அச்சு) எல்லாம் செய்தாக வேண்டுமாம், 5,000 பெட்டிக்குக் குறைந்து அடிக்கவே முடியாதாம். தவறு.

பழைய முறையில் நிறத்துக்கு ஒரு பிளேட், தங்கத் தாளுக்குத் தனி உலோக பிளாக், அதனால்தான் நிறைய அடித்தால் மட்டுமே கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் இரண்டுமே கிடையாது. கணினியிலிருந்து நேராக அச்சாகும். அப்புறம் இங்க்ஜெட் தலை வேண்டிய இடத்தில் மட்டும் வார்னிஷைத் தெளிக்கும், புற ஊதா ஒளி அதை இறுக்கும். தெளிப்பின் கனத்தைக் கூட்டினால் எழுத்து மேடாகும், அதன்மேல் தங்கத் தாளை அழுத்தினால் அங்கே மட்டும் ஒட்டிக்கொள்ளும். 50 பெட்டியும் அடிக்கலாம், ஒவ்வொன்றிலும் வேறு பெயரே போடலாம். வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் நம் அக்காக்கள் இந்த வதந்தியை நம்பி வெறும் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்தான் மலிவு, அது சரி. வர்க்கிக்கு எடுத்தால் அச்சான பக்கம் வெளியே இருக்கட்டும், உள்ளே எண்ணெய் இறங்காத தாள் விரியுங்கள். பளபளப்புக்காக பிளாஸ்டிக் லேமினேஷன் மட்டும் கேட்காதீர்கள், பெட்டி காகிதமாக மறுசுழற்சிக்குப் போவது கஷ்டம்.